கரையிருப்பிலிருந்து புறப்பட்ட பயணி

திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1827 ஏப்ரல் 23 அன்று வைணவ வேளாளர் குடும்பம் ஒன்றில் கிருட்டிணபிள்ளை பிறந்தார். தந்தை சங்கர நாராயண பிள்ளை. தாய் தெய்வநாயகி அம்மையார். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். அப்பாடல்களைக் கேட்டுக் கேட்டே கிருட்டிணபிள்ளையின் தமிழ் வளர்ந்தது.

1853ஆம் ஆண்டில் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்வி நிலையத்தில் அவருக்குத் தமிழாசிரியர் பணி கிடைத்தது. அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுள் ஒருவர் அறிஞர் கால்டுவெல். தமிழ் கற்பிக்கவே கிருட்டிணபிள்ளை அங்குச் சென்றார். சமயம் மாறுவதற்காக அன்று. ஆயினும் கிறித்தவரான நண்பர்களின் பேச்சும் அவர்கள் தந்த நூல்களும் அவர் உள்ளத்தை அசைத்தன.

அந்நாளில் சமயம் மாறுவது எளிய செயலன்று. சுற்றத்தார் விலகுவர், உடன் அமர்ந்து உண்ண மறுப்பர், நல்லது கெட்டதுகளுக்கு அழையார். பெற்ற தாயின் கண்ணீரையும் எதிர்கொள்ள வேண்டும். இவற்றை அறியாதவர் அல்லர் கிருட்டிணபிள்ளை. அறிந்தே, 1858ஆம் ஆண்டில் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அதன்பின் எச்.ஏ. கிருட்டிணபிள்ளை என வழங்கப்பெற்றார். புதிய பெயரின் முதலெழுத்துகள் முன்னே சேர்ந்தன. பழைய பெயரை அவர் விட்டுவிடவில்லை.

திருமுழுக்கோடு கடமை முடிவதாகக் கிறித்தவ நெறி கருதுவதில்லை. அன்றுதான் அது தொடங்குகிறது. இறைவன் தூயவர், ஆகவே அவரால் அழைக்கப்பட்டோரும் தம் நடத்தை முழுவதிலும் தூய்மையாக வாழவேண்டும் எனப் பேதுரு தம் திருமுகத்தில் அறிவுறுத்துகிறார். துறவியர்க்கு மட்டும் உரிய அழைப்பன்று இது. கடைத்தெருவில் பொருள் விற்பவருக்கும் வகுப்பில் பாடம் நடத்துபவருக்கும் உரியது. இதனைத் தமிழர் நெஞ்சில் பதியுமாறு எவ்வாறு சொல்வது?

இங்கிலாந்தில் ஜான் பனியன் எழுதிய கதை ஒன்று அதற்கு வழிகாட்டியது. பனியன் பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளி. அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். 1678இல் வெளிவந்த ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ என்னும் அவரது நூலில், தன் ஊர் அழியப்போவதை ஒருவன் அறிகிறான். வீட்டாரிடம் சொல்கிறான், எவரும் நம்பவில்லை. முதுகில் பெருஞ்சுமையோடு தனியே புறப்படுகிறான். சேற்றில் விழுகிறான். சிலுவையின் அருகே சுமை கழன்று உருள்கிறது. சுமை போயிற்றே, இனித் துன்பமில்லை என்று எண்ணினால் அது தவறு. அதன்பிறகே கடுமையான இடங்கள் வருகின்றன. எல்லாம் விலைக்குக் கிடைக்கும் ஒரு சந்தை. அங்கு எதையும் வாங்க மறுத்த குற்றத்திற்காக அவனுடன் வந்த தோழன் கொல்லப்படுகிறான். இறுதியில் ஓர் ஆற்றைக் கடந்தே அவன் விண்ணக நகரை அடைகிறான்.

வீட்டார் ஒருபுறமும் உள்ளத்தின் அழைப்பு மறுபுறமும் இழுக்கத் தவித்தவனின் கதை இது. கிருட்டிணபிள்ளைக்கு அது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றியிராது.

அதனை அவர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கவில்லை. தந்தையிடம் கேட்ட கம்பனின் விருத்தப்பாவை எடுத்துக்கொண்டார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்தாகக் காப்பியத்தை வகுத்தார். ஆழ்வார், நாயன்மார் மரபில் வந்த உருக்கத்தோடு இயேசுவைப் பாடினார். பனியன் விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளைத் தம் காப்பியத்தில் விரிவாகப் பாடிச் சேர்த்தார். ‘இரட்சணியம்’ என்பது மீட்பு. மீட்பை நோக்கிய பயணமே ‘இரட்சணிய யாத்திரிகம்’.

பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த ‘நற்போதகம்’ என்னும் மாத இதழில் அது பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்தது. ஒரே கதையை அத்தனை ஆண்டுகள் திங்கள்தோறும் பாடுவதற்குப் பொறுமை வேண்டும். படிப்போர்க்கும் அப்பொறுமை வேண்டும்! 3,700க்கும் மேற்பட்ட பாடல்களோடு 1894இல் அது நூலாயிற்று.

பணி அவரை ஊர்விட்டு ஊர் அழைத்துச் சென்றது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் அவர் தமிழ் கற்பித்தார். பாளையம் பகுதியில் நீங்கள் பார்த்திருக்கும் பல்கலைக்கழகக் கல்லூரியே அது. ‘மனோன்மணீயம்’ பாடிய சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்ததும் அக்கல்லூரியில்தான். மலையாளம் பேசும் நகரில் இருவரும் தமிழால் வாழ்ந்தனர்.

‘போற்றித் திருஅகவல்’, ‘இரட்சணிய மனோகரம்’ முதலிய நூல்களையும் இயற்றிய கிருட்டிணபிள்ளை 1900ஆம் ஆண்டில் மறைந்தார். தமிழுலகம் அவரைக் ‘கிறித்தவக் கம்பர்’ என்று அழைக்கிறது.