தொழிலாளர் தோழர் சிங்காரவேலர்

சென்னை மாநகரின் வடகோடியில் எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்து அமைந்துள்ளது காத்திவாக்கம். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். வடக்கே கொசத்தலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரம். விடியற்பொழுதில் வலையைத் தோளில் சுமந்த மீனவர் படகை நோக்கி நடப்பர். மற்றொருபுறம், ஆலைச் சங்கு ஒலிக்கக் கேட்டுக் கையில் உணவுத் தூக்குடன் தொழிலாளர் விரைவர். தந்தை கடலுக்கும் மகன் தொழிற்சாலைக்கும் செல்லும் குடும்பங்களும் இப்பகுதியில் உண்டு. கடலை நம்பிய உழைப்பும் ஆலையை நம்பிய உழைப்பும் ஒரே தெருவில் வாழ்வது வடசென்னையின் இயல்பாகும். மீனவர் குடியில் தோன்றி, ஆலைத் தொழிலாளரின் உரிமைக்காகத் தம் வாழ்வையே ஈந்த பெருமகனார் ஒருவர் இந்நகரில் வாழ்ந்தார். அவரே ம. சிங்காரவேலர்.

சிங்காரவேலர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் வெங்கடாசலம், தாயார் வள்ளியம்மை. கடலோரக் குப்பங்களில் பிறந்தவர்க்கு உயர்கல்வி எட்டாக் கனியாயிருந்த காலம் அது. எனினும் சிங்காரவேலர் ஊக்கம் தளராது கற்றார். கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். அதன் பின்னர்ச் சட்டம் பயின்று, 1907ஆம் ஆண்டில் வழக்கறிஞரானார். அப்பொழுது அவர்க்கு வயது 47. கல்விக்கு வயது ஒரு தடையன்று என்பதனை அவர் வாழ்வு காட்டுகிறது.

அவருடைய அறிவு வேட்கை சட்ட நூல்களோடு அமைந்துவிடவில்லை. வரலாறு, பொருளியல், வானநூல், உயிர்நூல், உளநூல் ஆகிய பல துறைகளிலும் அவர் உள்ளம் தோய்ந்தது. ஆயிரக்கணக்கான நூல்களை விலை கொடுத்து வாங்கித் தம் இல்லத்தையே ஒரு பெரிய நூலகமாக ஆக்கினார். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் புத்தர் பெருமானின் கொள்கை அவரைக் கவர்ந்தது. பேராசிரியர் லட்சுமி நரசு முதலிய அறிஞர்களுடன் கூடிப் பௌத்த நெறியை ஆராய்ந்தார். மக்கள் யாவரும் நிகர் என்னும் எண்ணம் இவ்வாறு அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அக்காலத்தில் வடசென்னை விரைந்து மாறிக்கொண்டிருந்தது. தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து தொடங்கியது. பின்னர்ப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் பெரிய நூற்பாலைகள் எழுந்தன. துறைமுகம் விரிந்தது. சிற்றூர்களில் பிழைக்க வழியின்றித் தவித்தோர் திரள் திரளாக இங்கு வந்து குடியேறினர். வேலை கிடைத்தது, ஆனால் வாழ்வு கிடைக்கவில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டம், நூற்பாலையில் ஆடவரிடம் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தந்தது. காற்றும் வெளிச்சமும் புகாத குடிசைகளில் அவர்கள் நெருங்கி வாழ்ந்தனர். நோய் வந்தால் கூலி இல்லை. மேலாளரை எதிர்த்துப் பேசினால் வேலையே இல்லை.

இந்நிலையில் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமாநுசலு நாயுடு என்போர் முயன்று அமைத்த அச்சங்கத்திற்கு வாடியா தலைவரானார். தமிழ்த் தென்றல் திரு.வி.க. அதற்குப் பெருந்துணையாக விளங்கினார். ஆயினும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் சட்டம் அன்று இல்லை. ஆலை நிருவாகம் சங்கத் தலைவர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. சட்டமும் செல்வமும் ஒருபுறம் நிற்க, உழைப்பவர் மறுபுறம் தனித்து நின்றனர்.

சட்டம் கற்ற சிங்காரவேலர் எப்பக்கம் நிற்பது என்று முடிவு செய்யவேண்டிய வேளை வந்தது. 1921ஆம் ஆண்டில், ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியபோது, அவர் தம் வழக்கறிஞர் உடையைப் பலர் முன்னிலையில் தீயிலிட்டார். பெரும்பொருள் ஈட்டித் தந்த தொழிலை 61ஆம் வயதில் துறந்தார். அவ்வாண்டிலேயே பெரம்பூர் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. பல திங்கள் நீடித்த அப்போராட்டத்தில் தொழிலாளரின் அடுப்புகள் அணைந்தன. துப்பாக்கிச் சூட்டில் சிலர் உயிர் துறந்தனர். அவற்றினும் கொடிதாகச் சாதிப் பூசல் புகுந்தது. ஒரே ஆலையில் அருகருகே நின்று உழைத்தவர் ஒருவர்க்கொருவர் பகைவராயினர். போராட்டம் தோல்வியில் முடிந்தது. சாதி வேற்றுமை ஒழியாதவரை உழைப்பவர்க்கு வாழ்வில்லை என்னும் பாடத்தை அத்தோல்வி உணர்த்தியது. சிங்காரவேலர் பிற்காலத்தில் சாதி ஒழிப்பையும் தொழிலாளர் விடுதலையையும் ஒன்றாகவே கருதி எழுதினார்.

1922ஆம் ஆண்டு இறுதியில் கயையில் காங்கிரசு மாநாடு கூடியது. அங்குச் சென்ற சிங்காரவேலர், நாட்டு விடுதலை என்பது ஏழைத் தொழிலாளரும் உழவரும் பெறும் விடுதலையாகவும் அமைய வேண்டும் என்று துணிந்து எடுத்துரைத்தார். தம்மைப் பொதுவுடைமையாளர் என வெளிப்படையாக அறிவித்துக்கொண்டார். அவ்வாறு கூறுவதே சிறைக்கு வழி வகுக்கும் காலம் அது.

அடுத்த ஆண்டில் அவர் செய்த செயல் வரலாற்றில் நிலைபெற்றது. எட்டு மணி நேர வேலை கோரி 1886ஆம் ஆண்டு மே முதல் நாளன்று அமெரிக்கத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அதன் நினைவாக மேலை நாடுகளில் அந்நாள் தொழிலாளர் திருநாளாயிற்று. இந்தியாவில் அதுகாறும் அதனைக் கொண்டாடியவர் இலர். 1923ஆம் ஆண்டு மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னையில் இரண்டு கூட்டங்களைக் கூட்டுவித்தார். ஒன்று உயர்நீதிமன்றத்திற்கு எதிரேயுள்ள கடற்கரையில் நடந்தது. மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்தது. செங்கொடிக்குத் துணி கிடைக்காமல் தம் மகளின் சிவப்புச் சேலையையே அவர் பயன்படுத்தினார் என்பர். தொழிலாளர் உழவர் கட்சி அன்று தொடங்கப்பெற்றது. மே நாளை விடுமுறை நாளாக அறிவிக்குமாறு அரசினைக் கேட்டுத் தீர்மானமும் நிறைவேறியது. மீனவர் வலை உலர்த்தும் கடற்கரையிலேயே இந்தியத் தொழிலாளரின் முதல் மே நாள் கொண்டாடப்பெற்றது பொருத்தமே அன்றோ!

மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே செய்தி சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் தமிழில் 'தொழிலாளன்' என்னும் இதழை நடத்தினார். 1924ஆம் ஆண்டில் கான்பூர்ச் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பெற்றது. உடல்நலக் குறைவால் அவர்மீது விசாரணை நடைபெறவில்லை. 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் இந்தியப் பொதுவுடைமையாளர் மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். 1927ஆம் ஆண்டில் சென்னையில் எண்ணெய் நிறுவனத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும் அவர்களுக்குத் துணை நின்றார்.

1928ஆம் ஆண்டில் கடுஞ்சோதனை வந்தது. தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனம் தன் பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்க்கவும், ஆயிரக்கணக்கான தொழிலாளரை நீக்கவும் முற்பட்டது. சிங்காரவேலர் தம் 68ஆம் வயதில் ஊர் ஊராகச் சென்று தொழிலாளரைக் கண்டு பேசினார். சூலைத் திங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அரசு அதனைக் கடுமையாக அடக்கியது, தலைவர்களைச் சிறைப்படுத்தியது. சிங்காரவேலருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பெற்றது. மேல்முறையீட்டில் அது 18 மாதமாகக் குறைந்தது. முதுமையும் நோயும் வருத்தச் சிறைவாழ்வை ஏற்ற அவர், 1930ஆம் ஆண்டில் விடுதலை பெற்றார். சிறை அவர் உடலைத் தளர்த்தியது, உள்ளத்தைத் தளர்த்தவில்லை.

அதன் பின்னர் அவர் எழுதுகோலைக் கருவியாகக் கொண்டார். தந்தை பெரியாரின் 'குடி அரசு' இதழில் அறிவியல் கட்டுரைகள் பல எழுதினார். விண்மீன்களின் இயல்பையும், உயிர்களின் தோற்றத்தையும், மூடநம்பிக்கையின் தீமையையும் எளிய தமிழில் விளக்கினார். 1935ஆம் ஆண்டில் 'புது உலகம்' என்னும் இதழைத் தொடங்கினார். 1946ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள், தம் 86ஆம் வயது நிறைவுற ஒரு வாரம் இருக்கையில், சென்னையில் மறைந்தார்.

அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. 1926ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சங்கங்களுக்கு ஏற்பு அளித்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என வரையறுத்தது. குடிநீர், காற்றோட்டம், கழிவகற்றல் ஆகியவை தொழிலாளரின் உரிமை என்றும் அச்சட்டம் கூறியது. அவர் வேண்டிய மே நாள் விடுமுறையும் பின்னாளில் வந்தது. இவை எவரும் இரங்கி ஈந்த கொடைகள் அல்ல. சிங்காரவேலரைப் போன்ற தலைவர் பலரும், பெயர் அறியாத எளிய தொழிலாளர் பல்லாயிரவரும் இழந்தவற்றின் பயனே இவை.

ஆயினும் பணி முடிந்துவிடவில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருவெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. வலைகளிலும் படகுகளிலும் கறுப்பாகப் படிந்த அவ்வெண்ணெயை மீனவர் வெறுங்கைகளால் அள்ளி அகற்றினர். ஆலையும் வேண்டும், ஆறும் கடலும் வாழவேண்டும். ஒருவர் பிழைப்பு மற்றவர் பிழைப்பைக் கெடுத்தலாகாது. இதனை நிலைநாட்டுவதற்கும் கல்வி, ஒற்றுமை, அஞ்சாமை ஆகிய மூன்றுமே கருவிகள். அவற்றைத் தம் வாழ்வால் விளக்கிச் சென்றார் சிங்காரவேலர்.

சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இன்று 'சிங்காரவேலர் மாளிகை' என்னும் பெயரைத் தாங்கித் துறைமுகத்தின் அருகே நிற்கிறது. பட்டா வேண்டியும் உதவித்தொகை வேண்டியும் எளிய மக்கள் நாள்தோறும் அதன் படிகளில் ஏறுகின்றனர். உழைப்பவர் துயர் துடைக்க வாழ்ந்தவர் பெயர், அவர்கள் குறை சொல்லும் இடத்திற்கே அமைந்தது மிகவும் பொருந்தும். ஒவ்வொருவர் குறையும் அங்குத் தீரும் நாளே அப்பெயர் முழுப்பொருள் பெறும் நாளாகும்.