கிடைக்கோடு சொல்லாதது

அருப்புக்கோட்டைப் பகுதியில் இயற்பியல் ஆசிரியராக இருந்த காலத்தில், தொலைவு-காலம் வரைபடத்தைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர்கள் ஒரே பிழையைச் செய்யக் கண்டேன். கோடு மேலேறினால் வண்டி மேட்டில் ஏறுகிறது என்பார்கள்; கிடையாக ஓடினால் சமவெளியில் செல்கிறது என்பார்கள். வரைபடம் சாலையின் படமன்று, கோட்டின் சாய்வே வேகம் என்பதை விளக்க, பக்கத்து ஊரில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையைக் கரும்பலகையில் வரைந்தேன். அவர் ரமண மகரிஷி.

கிடை அச்சில் காலம், ஓராண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். செங்குத்து அச்சில் திருச்சுழியிலிருந்து நேர்கோட்டுத் தொலைவு. 1879 டிசம்பர் 30-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமனின் கோடு பத்தாண்டுகளுக்கு மேல் அச்சை ஒட்டியே ஓடுகிறது. பிறகு படிப்புக்காகத் திண்டுக்கல்; 1892-இல் தந்தை சுந்தரம் ஐயர் மறைந்தபின் மதுரை.

1896 ஜூலையில் மதுரை வீட்டில் மரண அச்சம் அவரைத் திடீரென ஆட்கொண்டது. உடலை அசைவின்றிக் கிடத்தி, இறப்பது எது என்று தமக்குள் ஆராய்ந்தார். வாழ்வையே மாற்றிய அந்த நிகழ்வுக்கு வரைபடத்தில் எந்த அடையாளமும் இல்லை.

ஆகஸ்ட் 29-இல், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். விழுப்புரம் வரை ரயில், செங்குத்தான சாய்வு. எஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரைதான் பயணச்சீட்டு கிடைத்தது. அங்கிருந்து நடை, சாய்வு தணிகிறது. திருக்கோவிலூரை அடுத்த கீழூரில் தங்கல், கோடு கிடையாகிறது. கடுக்கனை அடகு வைத்து மீண்டும் ரயிலேறி, செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலையை அடைந்தார். ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்துக்குக் கோட்டை ஏற்றிய இந்தப் பயணம், என் அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுண்ணக்கட்டிக் கோட்டின் தடிமனுக்குள் அது மறைந்துவிட்டது.

அதன்பின் 1950 ஏப்ரல் 14-இல் மறையும் வரை, 53 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே கிடைக்கோடு. அதைக் கண்ட மாணவன் ஒருவன், அவர் 1896-லேயே இறந்துவிட்டாரா என்று கேட்டான். இல்லை, அங்கேயே நின்றுவிட்டார் என்று அவசரமாகச் சொல்லிவிட்டேன். அன்றிரவு அந்த விடை என்னை உறுத்தியது. அவர் விருபாட்ச குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். 1922-க்குப் பின் மலையடிவாரத்தில் இருந்தார். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பலமுறை சுற்றினார். புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதால் இடப்பெயர்ச்சி சுழி. ஆனால் நடந்த தொலைவு சுழியன்று. மறுநாள் வகுப்பில் என் விடையைத் திருத்தினேன்.

மழை பொய்க்கும் எங்கள் வறண்ட நிலத்தில், ஊரைவிட்டு வெகுதொலைவு சென்றவரையே முன்னேறியவர் என்கிறோம். இருந்த இடத்தில் இருப்பவரைத் தேங்கியவர் என்கிறோம். கிடைக்கோடு இடம் மாறவில்லை என்று மட்டுமே சொல்லும். அந்த இடத்தில் ஒருவர் என்ன ஆனார் என்பதை அளக்க அந்த வரைபடத்தில் அச்சே இல்லை. மதிப்பெண்ணுக்காகச் சாய்வைக் கணக்கிடும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லித்தர வேண்டும்.