ஒளித்த பெயரை அச்சேற்றிய இரட்டைமலை சீனிவாசனார்

நாட்டு அரசியலில் எவர் குரல் கேட்கப்படும் என்பதைப் பெரும்பாலும் பத்திரிகைகளே முடிவு செய்கின்றன. பத்திரிகை இல்லாத மக்களைப் பற்றிப் பிறர் பேசுவர். அம்மக்கள் பேசுவது எவர் செவிக்கும் எட்டாது. இவ்வுண்மையை நூறாண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து செயலாற்றியவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்.

செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த அவர், கோயமுத்தூரில் கல்வி பயின்றார். சாதி வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி உடன்பயில்வோரை விட்டு விலகியிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். நீலகிரியில் கணக்கராகப் பணிபுரிந்தபின் 1890இல் சென்னைக்கு வந்தார். பெயரை ஒளித்து வாழுமளவும் உரிமை கேட்க இயலாது எனத் தெளிந்தார். 1893 அக்டோபரில் தாம் தொடங்கிய நான்கு பக்கத் திங்களிதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் சூட்டினார். விரைவில் அது வார இதழாயிற்று.

அக்காலத்தில், சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமெனக் காங்கிரஸ் கோரிற்று. சாதிக்கொடுமை நீங்காத நாட்டில் அது உயர்சாதியார் ஆதிக்கத்தையே வளர்க்கும் என்று சீனிவாசனார் எதிர்த்தார். 3412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பம் இலண்டன் பாராளுமன்றத்திற்குச் சென்றது. நாட்டின் குரல் ஒன்றே என்றிருந்தோர் மற்றொரு குரலையும் கேட்க நேர்ந்தது. 1896இல் இதழின் மீது அவதூறு வழக்கு வந்து நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோது, மக்களே அத்தொகையைச் செலுத்தினர்.

1900இல் அவர் வெளிநாடு சென்றதும் இதழ் நின்றது. எனினும் அவர் வகுத்த வழி நிற்கவில்லை. 1907இல் பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். பறையன் என்னும் பெயரை அவர் ஏற்கவில்லை. ஆயினும் நமக்கென ஏடு வேண்டுமென்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். 1920இல் மராட்டியத்தில் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தோற்றுவித்தார்.

தாயகம் திரும்பிய சீனிவாசனார் 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுவழிகளும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தை 1924இல் நிறைவேறச் செய்தார். 1930, 1931ஆம் ஆண்டுகளின் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் அமர்ந்து வாதாடினார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.

சித்தையன்கோட்டையில் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் எழுத்தறிவித்து வருகின்றது. நம் பிள்ளைகள் செய்தித்தாளைப் படிப்பதோடு அமையலாகாது. அதில் எழுதுவோராகவும், அதனை நடத்துவோராகவும் உயர வேண்டும். அன்றுதான் சீனிவாசனார் தொடங்கிய பணி முற்றுப்பெறும் என நாம் நம்புகிறோம்.