ஒற்றைக் கண் விமானி வைலி போஸ்ட்

விமானக் கருவி ஒன்றை இன்று வைப்ரேஷன் டேபிளில் குலுக்கி, நாளை குளிரறையில் வைத்து, மறுநாள் காற்றழுத்தத்தைக் குறைத்து, தனித்தனியே 'பாஸ்' போட்டுவிடலாம். ஆனால் மேலே போனால் குளிர், அழுத்தக் குறைவு, அதிர்வு மூணும் ஒண்ணாத்தானே வந்து தாக்கும்? அதனால்தான் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. அந்த வசதியெல்லாம் இல்லாத காலத்தில் தன் உடம்பையே சோதனைப் பொருளாக்கியவர் அமெரிக்க விமானி வைலி போஸ்ட்.

1898-ல் டெக்சாஸில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். நம்மைப்போல் டிகிரி எல்லாம் கிடையாது. 1926-ல் எண்ணெய் வயல் விபத்தில் இடது கண் போயிற்று. கிடைத்த நஷ்டஈட்டில் மனுஷன் விமானம் வாங்கினார்! 1933-ல் 'வின்னி மே' விமானத்தில் உலகைத் தன்னந்தனியாகச் சுற்றிய முதல் மனிதரானார்.

அடுத்த ஆசை உயரம். மேலே காற்று மெலிது, வேகம் கூடும். ஆனால் வின்னி மே மர விமானம், உள்ளே அழுத்தம் ஏற்றினால் தாங்காது. சரி, விமானத்துக்குப் பதில் ஆளுக்கே அழுத்தம் ஏற்றுவோம் என்றார். 1934-ல் குட்ரிச் ரப்பர் கம்பெனி உடை தைத்தது. முதல் உடை, அழுத்தம் ஏற்றும்போதே கிழிந்தது. இரண்டாவதில் உடம்பு சிக்கிக்கொண்டு, வெட்டித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். காற்று ஏறினால் உடை டயர் மாதிரி விறைத்துவிடும். கையை எப்படி மடக்குவது? எனவே மூன்றாவதை, உட்கார்ந்து விமானம் ஓட்டும் நிலையிலேயே வடிவமைத்தார் ரசல் காலி. உள்ளே ரப்பர் பை, வெளியே பாரசூட் துணி. ரைட் ஃபீல்டின் தாழ்அழுத்த அறையில் சோதித்த பிறகே அதோடு பறந்தார்.

அந்த டிசம்பரில் சுமார் 50,000 அடி எட்டினார். உயரத்தைப் பதியும் இரு கருவிகளில் ஒன்று பழுதானதால் சாதனை ஏற்கப்படவில்லை. உடை தாங்கியது, கருவி தாங்கவில்லை! 1935 மார்ச்சில் பர்பாங்கிலிருந்து கிளீவ்லாந்துக்கு 2,035 மைலை 7 மணி 19 நிமிடத்தில் கடந்தார்; ஜெட் ஸ்ட்ரீம் காற்று முதுகைத் தள்ளியது.

உடைக்கு இத்தனை பொறுமை காட்டியவர், அடுத்த விமானத்துக்குக் காட்டவில்லை என்பதுதான் என் வருத்தம். ஒரு லாக்ஹீட் மாடலின் உடல், இன்னொன்றின் இறக்கை. கேட்ட மிதவைகள் வரத் தாமதமாக, பெரிய விமானத்துக்கான மிதவைகளை மாட்டினார். தனித்தனியே எல்லாம் நல்ல சாமான்தான். சேர்ந்தபோது மூக்குப் பக்கம் கனத்தது. 1935 ஆகஸ்ட் 15, அலாஸ்காவில் கிளம்பியவுடன் இன்ஜின் நின்றது. விமானம் தலைகுப்புற நீரில் விழுந்தது. உடன் வந்த நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸும் இறந்தார்.

ரசல் காலி பின்னாளில் மெர்குரி விண்வெளி வீரர்களின் உடையிலும் பணியாற்றினார். போஸ்ட்டின் மூன்றாவது உடை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.