மைசூர் யானைக் கொட்டிலிலிருந்து ஹாலிவுட்டுக்கு

நம் அபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்கு 'ஜங்கிள் புக்' என்றால் கார்ட்டூன்தான். ஆனால் 1942-லேயே ஹாலிவுட்டில் அந்தக் கதை ஆட்களை வைத்துப் படமாக வந்துவிட்டது. அதில் மோக்லியாக நடித்தவர் பக்கத்து மைசூர் ராஜ்யத்தில் பிறந்த சாபு.

1924-ல் காராப்பூரில் பிறந்தார். அப்பா யானைப் பாகன். சிறு வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்து, மைசூர் மகாராஜாவின் யானைக் கொட்டிலில் வளர்ந்தார். 'எலிஃபண்ட் பாய்' படம் எடுக்க வந்த ராபர்ட் ஃபிளாஹர்ட்டி குழுவினரின் கண்ணில் பட்டார். 1937-ல் படம் வெளியானதும் உலகம் முழுக்கப் பெயர். பிறகு 'தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்திலும் நடித்தார். லண்டனில் தொடங்கிய அந்தப் படம், போர் வந்ததால் ஹாலிவுட்டில் முடிந்தது. சாபுவும் அங்கேயே தங்கிவிட்டார்.

1944-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். பசிபிக் போரில் குண்டுவீச்சு விமானத்தின் வால் பகுதியில் உட்கார்ந்து துப்பாக்கி இயக்கி, வீரப் பதக்கமும் வாங்கினார். போர் முடிந்து வந்தவருக்கு சினிமாவில் கிடைத்ததோ பெரும்பாலும் பழைய தலைப்பாகை, காட்டு வேஷங்கள்தான். 'மதர் இந்தியா'வில் நடிக்க மெஹபூப் கான் விரும்பினார். இங்கே வேலை செய்ய அனுமதி கிடைக்காததால், அந்த வேஷம் சுனில் தத்துக்குப் போனது. கடைசிவரை ஒரு இந்தியப் படத்தில்கூட நடிக்காமல், 1963 டிசம்பர் 2-ல் மாரடைப்பால் காலமானார். வயது 39.

லீவு நாளில் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய படத்தையும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். மோக்லி நம்ம ஊர்ப் பக்கத்துப் பையன் என்றும் சொல்லுங்கள்.