காரைக்காலம்மையார் சரிதமும் நம் பாட்டிமாரும்

நம்மை வளர்த்த மூதாட்டியர் மறைந்தபின் அவர் வாழ்க்கையை நினைந்து போற்றுதல் மக்கட்குரிய கடன்களுள் ஒன்றாம். அக்கடனை ஆற்றும் முறைமையைச் சைவர்க்கு உணர்த்துவது காரைக்காலம்மையார் சரிதம்.

அம்மையார் கடற்றுறைப் பட்டினமாகிய காரைக்காலிலே வணிகர் தலைவனாகிய தனதத்தனுக்கு மகளாய்த் தோன்றினர். புனிதவதி என்பது அவர் பிள்ளைத் திருநாமம். நாகபட்டினத்து வணிகன் நிதிபதியின் மகனாகிய பரமதத்தனை மணந்து, காரைக்காலிலேயே இல்லறம் நடாத்தினர். ஒருநாட் கணவன் மாங்கனி இரண்டினை வீட்டுக்கு அனுப்பினான். பசித்து வந்த சிவனடியார் ஒருவருக்கு, கறியமுது ஆகாமையால், அம்மையார் சோற்றுடன் ஒரு கனியைப் படைத்தனர். மற்றையதை உண்ட கணவன் எஞ்சியதனையும் கேட்க, அவர் சிவபெருமானை நினைந்தனர். கனியொன்று கையில் வந்தது. அதன் சுவை வேறாயிருந்தமையாற் கணவன் வினாவினான். அவர் நிகழ்ந்ததை ஒளியாது உரைத்தனர். அவன் நம்பாது இன்னொன்று வருவிக்கச் சொல்ல, வந்த கனி அவன் கையிற் பட்டவுடன் மறைந்தது. அஞ்சிய பரமதத்தன் வாணிகத்தின் பொருட்டுப் போவான்போலக் கப்பலேறிப் போயினான். பின்னர்ப் பாண்டிநாட்டிலே வேறொருத்தியை மணந்து, தன் மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். சுற்றத்தார் அம்மையாரை ஆங்கு அழைத்துச் சென்றபொழுது, மனைவியோடும் மகவோடும் அவர் அடியில் வீழ்ந்து வணங்கினான்.

அன்றே அம்மையார் கணவன்பொருட்டுத் தாங்கிய அழகுடம்பை உதறி, பேய்வடிவை வேண்டிப் பெற்றனர். திருக்கைலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தனர். கண்டோர் வெருவி விலகிய அவ்வடிவினரைப் பெருமான் தம் தாயென அழைத்தருளினார். அவரோ, பெருமான் ஆடும்பொழுது திருவடிக்கீழ் இருந்து பாடும் பேற்றை வேண்டித் திருவாலங்காட்டிலே பெற்றனர். அவர் பாடிய அற்புதத் திருவந்தாதியும், திருவிரட்டைமணிமாலையும், மூத்த திருப்பதிகம் இரண்டும் பதினொராந் திருமுறையில் உள்ளன.

இச்சரிதம் நமக்குக் கிடைத்த விதம் சிந்திக்கத்தக்கது. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் அவரைப் பேயார் என்னும் பெயரொன்றாலே குறித்தனர். நம்பியாண்டார்நம்பி ஒரு செய்யுள் செய்தனர். 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் 66 செய்யுள்களால் விரித்தனர். நினைப்போர் இருந்தமையால் ஒரு பெயர் ஒரு சரிதமாயிற்று. நம் இலங்கையிலும், பொலனறுவையிற் கிடைத்த வெண்கலப் படிமங்களுள் அம்மையார் திருவுருவமும் ஒன்று. அறுபத்துமூவர் வரிசையிலே ஏனையோர் நிற்க, அம்மையார் இருந்த கோலத்தினர். தாயை நிறுத்திவையாத மரபு நம் மரபு.

இனி, என் குறையொன்றைச் சொல்லுதல் தகும். பட்டிப்பொல இந்நாட்டுப் புகையிரத நிலையங்களுள் மிக உயர்ந்த இடத்திலுள்ளது; 6,226 அடி உயரம். அதன் அயலிலுள்ள தோட்டத்து லயத்திலே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, அடுப்பங்கரையிற் குளிர்காய்ந்துகொண்டு, மாங்கனிக் கதையை எனக்கு முதன்முதற் சொன்னவர் எழுத்தறியாத என் அப்பாயி. நான் கற்ற மிஷன் பாடசாலையிலே பிறநாட்டுப் பெரியோர் பலருடைய பிறப்பையும் இறப்பையும் ஆண்டுக்கணக்கோடு ஒப்பித்தேன். அப்பாயி இறந்து சடங்குக்குரிய விவரங் கேட்டபொழுது, அவர் பிறந்த ஊரைச் சொல்ல என்னால் இயலவில்லை. அவர் அருகிலேயே இருபதாண்டு உண்டு உறங்கியும் ஒருநாளும் கேட்டிலேன். அது பாடசாலையின் குற்றமன்று, என் குற்றமே.

ஆதலின், ஆசிரியர்காள், பங்குனிச் சுவாதியில் அம்மையார் குருபூசை வரும்பொழுது மாங்கனிக் கதையைச் சொல்லிமுடித்து அமையாதீர்கள். தத்தம் பாட்டியின் இயற்பெயர், பிறந்த இடம், பட்ட பாடு, பாடிய பாட்டு ஆகியவற்றை அவரிடமே கேட்டு எழுதிவரும்படி பிள்ளைகளை ஏவுங்கள். பாட்டியை இழந்த பிள்ளை அயல்வீட்டு மூதாட்டியைக் கேட்கட்டும். ஒரு பெயரேனும் எழுதப்பட்டிருந்தால், பின்வருவோர் அதனை விரித்துரைப்பர்.

திருச்சிற்றம்பலம்.