கழகம் கலைந்தது, கூட்டாளிகள் கலையவில்லை

கல்லூரிக்குக் கல்லூரி மன்றம், கழகம், சங்கம் என்று எத்தனையோ உண்டு. மூணு வருஷம் முடிஞ்சதும் பலவற்றின் பெயரே நமக்கு மறந்துபோகும். நம் நாட்டின் மிகப் பழைய மாணவர் கழகங்களில் ஒன்றையும், அதைத் தொடங்கிய டெரோசியோவையும் இந்த மலர் வழியே நினைத்துப் பார்ப்போம்.

ஹென்றி லூயி விவியன் டெரோசியோ 1809-ல் கல்கத்தாவில் பிறந்தவர். போர்ச்சுகீசிய வழி வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம். டேவிட் டிரம்மண்ட் நடத்திய பள்ளியில் படித்தார். பதினாலு வயசிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனார். பாகல்பூரில் உறவினரின் அவுரித் தொழிலில் இருந்தபோது கவிதைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். அந்தப் பெயரோடு கல்கத்தா திரும்பியவருக்கு இந்து கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. வயசு இருபதுகூட ஆகவில்லை! மாணவர்களில் சிலர் அவருக்குத் தம்பி வயசுதான்.

வகுப்பு முடிந்தாலும் பேச்சு முடியாது. 1828-ல் அகாடமிக் அசோசியேஷன் என்ற கழகம் பிறந்தது. டெரோசியோவே தலைவர். மாணிக்தலாவில் ஒரு தோட்ட வீட்டில் கூடுவார்கள். விதியா, மனித முயற்சியா? சிலை வழிபாடு சரியா? பெண்களுக்குக் கல்வி வேண்டாமா? எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் நின்று வாதாடலாம். காரணம் மட்டும் சொல்லியாக வேண்டும். பெரியவர் டேவிட் ஹேரும் வந்து உட்கார்ந்து கேட்பார்.

ஊர் சும்மா இருக்குமா? பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்று கூக்குரல் எழுந்தது. நாத்திகம் போதிக்கிறார், பெற்றோரை மதிக்காதே என்கிறார் என்று வதந்திகள் பறந்தன. பல பெற்றோர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார்கள். 1831 ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடி அவரை விலக்க முடிவு செய்தது. அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதையும் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தவரிடம், முடிவெடுக்கும் முன் குழு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! குற்றச்சாட்டுகளை மறுத்துக் கடிதம் எழுதிவிட்டு விலகினார். தி ஈஸ்ட் இந்தியன் என்ற நாளிதழைத் தொடங்கினார். அதே வருஷம் டிசம்பர் 26-ல் காலரா அவரைக் கொண்டுபோனது. வயது 22.

தலைவர் போன பிறகு ஹேர் பொறுப்பேற்றுக் கழகத்தைச் சில காலம் நடத்தினார். 1830-களின் இறுதியில் அது கலைந்தது. ஆனால் கூட்டாளிகள்? நம்ம பரங்கிமலையில் 1802-ல் தொடங்கிய நில அளவைப் பணியில் பின்னாளில் சேர்ந்து, எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டவர் ராதாநாத் சிக்தார். அவரும் பியாரி சந்த் மித்ராவும் 1854-ல் பெண்கள் படிப்பதற்கென்றே எளிய வங்காளியில் மாதப் பத்திரிகை தொடங்கினார்கள். ராம்தனு லாகிரி 1851-ல் பூணூலைக் கழற்றி, ஊராரின் பகையைப் பொறுத்துக்கொண்டு, பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்தார். தோட்ட வீட்டில் பேசியதை அவர்கள் அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை.

இந்து கல்லூரி 1855-ல் பிரசிடென்சி கல்லூரியானது. 2010 முதல் அது பல்கலைக்கழகம். டெரோசியோவின் கல்லறை தெற்குப் பார்க் தெரு இடுகாட்டில் இருக்கிறது. கல்கத்தா போகும் நண்பர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே, உங்கள் மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு என்ன தலைப்பு வைத்திருக்கிறீர்கள்?